பெட்டி நம்ம வீட்டில், சாவி எவன் மடியில்?

"செக்யூர் பூட்டெல்லாம் இன்ஜினியர்கள் பிரச்சினை தோழர். நமக்குப் பஞ்சமி நிலம் இருக்கு, சுடுகாட்டுப் பாதை இருக்கு. இதுல நமக்கு என்ன?" என்று ஒரு மாணவத் தோழர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்விதான். அவருக்கு வாட்ஸப்பில் நாலு வரியில் பதில் சொல்ல முடியாது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

என் பதில் இதுதான். ஒரு பொருள் நம் கையில் இருக்கும், ஆனால் அதை எப்படிப் பயன்படுத்துவது என்பதை வேறொருவன் முடிவு செய்வான் என்ற ஏற்பாடு நமக்குப் புதிதே இல்லை. நம் தாத்தன் பாட்டி வாழ்ந்தது முழுக்க அந்த ஏற்பாட்டுக்குள்தான். இப்போது அது சிப்புக்குள் வந்திருக்கிறது. சிப்புக்குள் இருப்பதால் கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

2022 நவம்பரை நினைத்துப் பாருங்கள். தமிழ்நாடு முழுக்கப் பல லட்சம் வீடுகளில் அரசு கேபிள் டிவி ஒரே நேரத்தில் நின்றுபோனது. மழையும் புயலும் காரணமில்லை, கேபிளும் அறுந்துபோகவில்லை. செட்டாப் பாக்ஸ்களை இயக்கும் மென்பொருள் சேவையைத் தந்துகொண்டிருந்த தனியார் தரப்போடு தகராறு, அவர்கள் சேவையை முடக்கிவிட்டார்கள் என்று அரசுத் தரப்பே சொன்னது. அப்போது தகவல் தொழில்நுட்பத் துறை மனோ தங்கராஜிடம் இருந்தது. அமைச்சர் விளக்கம் கொடுத்தார், அதிகாரிகள் ஓடினார்கள். சில நாள் கழித்துப் படம் வந்ததும் எல்லாரும் மறந்துபோனோம். சீரியல் பார்க்க முடியவில்லை என்று மீம் போட்டுச் சிரித்ததோடு சரி.

அந்தச் சில நாளில் ஒரு பெரிய உண்மை வெளியே வந்து நின்றது. யாரும் அதைக் குனிந்து எடுக்கவில்லை.

அந்தப் பெட்டிகளை வாங்கியது தமிழ்நாடு அரசின் நிறுவனம். பணம் மக்கள் வரிப்பணம். 2011இல் மாதம் 70 ரூபாய்க்குக் கேபிள் என்று தொடங்கி, 2017இல் டிஜிட்டல் உரிமம் கிடைத்த பிறகு, வீடுவீடாகப் பெட்டி கொடுத்தார்கள். பெட்டி இலவசம், ஆனால் அரசுக்குச் சொந்தம், இணைப்பு வேண்டாம் என்றால் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்றும் சொன்னார்கள். சரி, அரசுக்கே சொந்தமாக இருக்கட்டும். அந்தச் சொந்தக்காரரால் தன் சொந்தப் பெட்டியை இயக்க முடிந்ததா? கோட்டையில் உட்கார்ந்திருக்கும் அரசுக்கே அதிகாரம் இல்லாத பெட்டி, காளையார்கோவில் காலனியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே இருக்கிற அம்மாவின் பேச்சைக் கேட்குமா?

இங்கே கொஞ்சம் தொழில்நுட்பம் பேச வேண்டும். பயப்பட வேண்டாம், பத்தாம் வகுப்பு அறிவியல் போதும்.

ஒரு செட்டாப் பாக்ஸோ, ரவுட்டரோ, செல்போனோ, உள்ளே இருப்பது ஒரு சின்னக் கணினிதான். கரண்ட் கொடுத்ததும் முதலில் விழிப்பது சிப்புக்குள் தொழிற்சாலையிலேயே பதித்துவிட்ட ஒரு சிறிய நிரல். அதை யாராலும் மாற்ற முடியாது. அடுத்து ஏற்ற வேண்டிய மென்பொருளை அது எடுத்து, அதில் உரிய கையொப்பம் இருக்கிறதா என்று பார்க்கும். கையில் போடும் கையெழுத்து இல்லை, கணக்கால் போடும் கையொப்பம். போடுவதற்கான ரகசியச் சாவி கம்பெனியிடம் இருக்கும். சரிபார்ப்பதற்கான அடையாளம் மட்டும் சிப்புக்குள் இருக்கும். ஈ-ஃபியூஸ் என்கிற நுண்ணிய இணைப்புகளை எரித்து அதை எழுதியிருப்பார்கள். எரித்தது எரித்ததுதான், அழித்து எழுத முடியாது. கையொப்பம் சரியாக இருந்தால் முதல் நிரல் அடுத்ததை எழுப்பும், அடுத்தது அதற்கடுத்ததை இதேபோல் சோதித்து எழுப்பும். எங்காவது கையொப்பம் இல்லையென்றால் பெட்டி அங்கேயே நின்றுவிடும். இதற்குத்தான் செக்யூர் பூட் என்று பெயர். இங்கிலீஷ்காரன் எந்த அர்த்தத்தில் வைத்தானோ, தமிழில் காதில் விழுவதுபோலப் 'பூட்டு' என்றே எழுதிக்கொள்ளலாம். பொருத்தமாக இருக்கிறது.

கட்டண டிவி பெட்டிகளில் இந்தப் பூட்டுக்கு மேல் இன்னொரு பூட்டும் உண்டு. எந்தச் சந்தாதாரருக்கு எந்தச் சேனல் என்பதைத் தீர்மானிக்கும் அனுமதி முறை அது. 2022இல் மேல் பூட்டு நின்றதா, எது நின்றது என்று தோண்டிக்கொண்டிருக்க வேண்டாம். கேட்க வேண்டிய கேள்வி வேறு. அன்றைக்கு அரசு நினைத்திருந்தால் வேறு நாலு பொறியாளர்களை வைத்து, வேறு மென்பொருளை எழுதி, தான் காசு கொடுத்து வாங்கிய பெட்டிகளில் ஏற்றியிருக்க முடியுமா? கையொப்பம் தன் கையில் இல்லாதவரை எந்த அரசாலும் முடியாது. அதனால்தான் தகராறு பண்ணுகிறவர்களிடமே போய் நிற்க வேண்டியிருந்தது.

காளையார்கோவில் பக்கம் செல்போன், டிவி ரிப்பேர் கடைகளில் போய்ப் பாருங்கள். மூலையில் சாக்கு நிறையச் செட்டாப் பாக்ஸ் கிடக்கும். பாதிக்கு மேல் கெட்டுப்போனவை இல்லை. அரசு கேபிளிலிருந்து தனியாருக்கு மாறியிருப்பார்கள், அல்லது ஒரு தனியாரிடமிருந்து இன்னொரு தனியாருக்கு. ஒருவனுடைய பெட்டி இன்னொருவனுடைய சிக்னலை எடுக்காது. வேலை செய்கிற பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிய பெட்டிக்கு ஆயிரம், ஆயிரத்தைந்நூறு கொடுக்க வேண்டும். எந்தப் பெட்டியும் எந்த நிறுவனத்துக்கும் பொருந்த வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2020 ஏப்ரலில் பரிந்துரை செய்தது. பரிந்துரை காகிதமாகவே இருக்கிறது. சாக்கு நிறைந்துகொண்டே போகிறது. அந்தச் சாக்கு கடைசியில் யார் வீட்டுக்குப் போகும்? செம்புக்காகவும் ஈயத்துக்காகவும் அதை எரித்துப் புகையை உள்ளே இழுக்கப்போவது யார் வீட்டுப் பிள்ளை? இந்தக் கேள்விக்குச் சாதியைச் சொல்லாமல் இந்த நாட்டில் பதில் சொல்ல முடியுமா?

இப்போது நம் மண்ணின் கதைக்கு வருகிறேன். சிவகங்கை 1985வரை ராமநாதபுரம் மாவட்டத்தில்தான் இருந்தது. அந்தப் பழைய ராமநாதபுரம் ஜில்லாவில் 1930 டிசம்பரில் ஆதிக்கச் சாதி நாட்டார்கள் கூடி நம் மக்களுக்கு எட்டுத் தடைகளைப் போட்டார்கள். 1931 சென்சஸ் கமிஷனராக இருந்த ஹட்டன் பிறகு எழுதிய 'காஸ்ட் இன் இந்தியா' புத்தகத்தில் பட்டியலே இருக்கிறது. தங்க, வெள்ளி நகை போடக்கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழும் இடுப்புக்கு மேலும் துணி உடுத்தக்கூடாது. சட்டை, பனியன் போடக்கூடாது. கிராப்பு வெட்டக்கூடாது. வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் புழங்கக்கூடாது. பெண்கள் மாராப்புப் போடக்கூடாது, பூ வைக்கக்கூடாது. வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடிக்கக்கூடாது, செருப்புப் போடக்கூடாது. அடுத்த ஆண்டு ஜூனில் எட்டு பதினொன்றானது. அதில் ஒன்று, நம் பிள்ளைகள் எழுதப் படிக்கக் கூடாது என்பது. மீறினவர்களின் குடிசைகள் எரிந்தன.

இந்தப் பட்டியலை எல்லாரும் மேடையில் வாசிக்கிறோம். ஒரு விஷயத்தை நின்று கவனிப்பதில்லை. இந்தத் தடைகளில் பல, பொருளை வாங்காதே என்று சொல்லவில்லை. பினாங்குக்கும் பர்மாவுக்கும் கப்பலேறிப்போய்ச் சம்பாதித்தவன் குடை வாங்கி வரத்தான் செய்தான். குடை அவனுடையது. காசு அவனுடையது. விரிப்பதற்குத்தான் அனுமதி இல்லை. கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மழையில் நனைந்து போக வேண்டும். சொத்து ஒருவனிடம், அதன் மீதான அதிகாரம் இன்னொருவனிடம். சாதி என்பது வெறும் இல்லாமை மட்டும் இல்லையே தோழர்களே, இருக்கிறதையும் அனுபவிக்க விடாமல் செய்கிற ஏற்பாடும்கூடத்தானே?

குடை விரிக்காத குடையாக இருக்க வேண்டுமென்று அன்றைக்கு அரிவாளோடு நாலு பேர் தெருமுனையில் நிற்க வேண்டியிருந்தது. இன்றைக்கு அந்த ஆள் தேவையில்லை. குடைக்குள்ளேயே பூட்டை வைத்து விற்கலாம். குடையையும் சிப்பையும் ஒன்றாக்குகிறாயே, குடிசை எரிந்ததும் டிவி நின்றதும் ஒன்றா என்று கேட்பவர்களுக்கு: ஒன்றில்லை. வலியை நான் ஒப்பிடவில்லை. அதிகாரம் எந்த வழியாக ஓடுகிறது என்பதைக் காட்டுகிறேன். வலி வந்த பிறகுதான் பார்ப்போம் என்றால் எப்போதும் நாம்தான் கடைசியில் தெரிந்துகொள்வோம்.

கட்டற்ற மென்பொருள் இயக்கத்துக்காரர்கள் இந்தச் சண்டையை இருபது ஆண்டுக்கு முன்பே போட்டார்கள். அமெரிக்காவில் டிவோ என்று ஒரு டிவி ரெக்கார்டர் பெட்டி வந்தது. உள்ளே ஓடியது லினக்ஸ். லினக்ஸின் ஜி.பி.எல். உரிமம் என்ன சொல்கிறது? மூலநிரலை எல்லாருக்கும் கொடு, யார் வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம் என்கிறது. டிவோ கம்பெனி மூலநிரலைக் கொடுத்தது. சட்டப்படி சுத்தம். ஆனால் நீங்கள் அதை மாற்றி அதே பெட்டியில் ஏற்றினால் பெட்டி ஓடாது, ஏனென்றால் கையொப்பம் அவர்களிடம். மாற்றும் உரிமை காகிதத்தில் உங்களுக்கு, பெட்டியில் அவர்களுக்கு.

எனக்கு இதைப் படித்தபோது மகாட்தான் நினைவுக்கு வந்தது. 1923இல் பம்பாய் சட்ட மன்றம் போலே தீர்மானத்தை நிறைவேற்றியது, பொதுக் குளம், கிணறு எல்லாம் தீண்டப்படாதாருக்கும் திறந்துவிடப்படும் என்று. 1924இல் மகாட் நகராட்சியும் சவ்தார் குளம் எல்லாருக்கும் என்று தீர்மானம் போட்டது. சட்டப்படி சுத்தம். ஒரு கை தண்ணீர் அள்ள முடிந்ததா? 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோரோடு நடந்துபோய் அள்ளிக் குடித்த பிறகு, திரும்பியவர்களை அடித்தார்கள், குளத்தைத் 'தீட்டுக்' கழித்தார்கள், நகராட்சி தன் தீர்மானத்தையே ரத்து செய்தது. உரிமை இருந்தும் தடுத்தவனை நீதிமன்றத்தில் வெல்ல 1937 ஆனது. அவ்வளவு தூரம் போவானேன், தீர்ப்பு கையில் இருந்தும் தேர் வடம் கைக்கு வராத கதை நமக்குக் கண்டதேவியில் தெரியும். காகிதத்தில் தருவது, கருவியில் மறுப்பது. நமக்கு இந்த வித்தை மனப்பாடம்.

டிவோ வித்தைக்குப் பதிலாகத்தான் 2007 ஜூனில் ஜி.பி.எல். மூன்றாம் பதிப்பு வந்தது. வீட்டில் பயன்படுத்துகிற கருவிகளில் இந்த உரிமத்தின் கீழ் உள்ள மென்பொருளைப் போட்டு விற்றால், மாற்றிய மென்பொருளை அதே கருவியில் ஏற்றுவதற்கான தகவலையும், தேவைப்படும் சாவியையும் கொடுக்க வேண்டும் என்றது. நல்ல விதி. ஆனால் லினக்ஸ் கர்னல் இரண்டாம் பதிப்பிலேயே தங்கிவிட்டது. அதை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் மூன்றாம் பதிப்பை ஏற்கவில்லை. அவருடைய வாதத்தின் சாரம் இது: என் மென்பொருளை நான் தருகிறேன், கருவியை எப்படிச் செய்வது என்பது கருவி செய்கிறவன் பாடு, பூட்டிய கருவி பிடிக்காவிட்டால் அதை வாங்காதே.

மனிதர் பெரிய வேலைக்காரர், மறுக்கவில்லை. நம் கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போன் எல்லாவற்றிலும் அவர் தொடங்கிய கர்னல்தான் ஓடுகிறது. ஆனால் 'பிடிக்காவிட்டால் வாங்காதே' என்பது கடைவீதியில் பத்துக் கடை ஏறி இறங்கக்கூடியவனின் நியாயம். காலனிக்குச் செட்டாப் பாக்ஸ் யாராவது தேடிப்போய் வாங்கினார்களா? அரசு கொடுத்தது, கேபிள்காரர் கொண்டுவந்து மாட்டினார். ரேஷன் கடையில் கைரேகை வைக்கிற கருவியை நாமா தேர்ந்தெடுத்தோம்? நாளைக்கு ஸ்மார்ட் மீட்டர் வரும், தூரத்தில் இருந்தே கரண்டை வெட்டக்கூடிய மீட்டர். அதைப் பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொடுத்துவிட முடியுமா? 'இந்தக் கிணறு உனக்கில்லை என்றால் வேறு கிணறு வெட்டிக்கொள்' என்று சொன்னவன் குரலும் இதுவும் எனக்கு ஒரே மாதிரிக் கேட்கிறது. டோர்வால்ட்ஸுக்கு நம் ஊர்க் கிணறு தெரியாது. நம் ஊர் ஐ.டி. கம்பெனித் தோழர்களுக்குத் தெரியுமே, அவர்களும் ஏன் அதையே திருப்பிச் சொல்கிறார்கள்?

அடுத்து வருவது பாதுகாப்பு வாதம். இதைக் கேலி செய்துவிட்டுப் போக முடியாது, இதில் உண்மை இருக்கிறது. பூட்டு இல்லாத கருவியில் எவனாவது திருட்டு மென்பொருளை ஏற்றி, உங்கள் போனிலிருந்து ஓ.டி.பி.யைத் திருடலாம். ரேஷன் கடைக் கருவியில் கடைக்காரரே மென்பொருளை மாற்றி, பத்துக் கிலோ போட்டு இருபது என்று பதியலாம். அந்தக் கருவிக்குப் பூட்டு வேண்டும் என்றுதான் நானும் சொல்வேன். எடை குறைந்தால் முதலில் குறைவது நம் பையில்தான்.

ஆனால் பாதுகாப்பு என்ற பெயரில் சொல்வது எல்லாம் பாதுகாப்பா? 2016இல் மிராய் என்ற தீம்பொருள் உலகம் முழுக்க லட்சக்கணக்கான கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்தது. எப்படி நுழைந்தது? கம்பெனிகளே மாற்றாமல் விட்ட 'அட்மின்' மாதிரியான கடவுச்சொற்கள் வழியாக. வாசலைத் திறந்து போட்டுவிட்டு அஸ்திவாரத்துக்குப் பூட்டுப் போட்டு என்ன பயன்? 2024இல் இன்னும் வேடிக்கை. பிரபல கம்பெனிகளின் நூற்றுக்கணக்கான கணினி மாடல்களில் செக்யூர் பூட்டின் தலைமைச் சாவியாக இருந்தது ஒரு மாதிரிச் சாவி என்று ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். அந்தச் சாவியின் பெயரிலேயே 'இதை நம்பாதே' என்று எழுதியிருந்தது. அதன் ரகசியப் பகுதி வெளியில் கசிந்தும் போயிருந்தது. நம்மிடம் சாவியைக் கொடுத்தால் தொலைத்துவிடுவோம் என்று சொன்னவர்கள் செய்த காரியம் இது.

பாதுகாப்பும் வேண்டும், சொந்தக்காரருக்கு அதிகாரமும் வேண்டும் என்றால் நடக்காதா? நடக்கிறது. கூகுளின் பிக்சல் போனில் நீங்கள் பூட்டைத் திறந்து, உங்கள் சொந்தச் சாவியைப் பதித்து, வேறு இயங்குதளத்தைப் போட்டு மறுபடியும் பூட்டலாம். அதன் பிறகு உங்கள் கையொப்பம் இல்லாதது ஏறாது. பல மடிக்கணினிகளிலும் செக்யூர் பூட்டை அணைக்கலாம், சொந்தச் சாவியும் போடலாம். வீட்டுக்குக் கதவு, கதவுக்குப் பூட்டு, பூட்டின் சாவி வீட்டுக்காரரிடம். வேறு எந்தப் பொருளில் இது ஒரு பெரிய தத்துவமாகப் பேசப்படுகிறது? பொதுக் கருவியாக இருந்தால் சாவி மக்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய அரசிடம் இருக்கட்டும். ரேஷன் கடைக்குச் சமூகத் தணிக்கை என்று 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டத்திலேயே இருக்கிறது. மூட்டையைத் தணிக்கை செய்கிற நாம், மூட்டையைக் கணக்கெழுதுகிற கருவியைத் தணிக்கை செய்யக் கூடாதா?

இனி, இந்தக் கட்டுரையை நான் எழுத உட்கார்ந்ததற்கான உடனடிக் காரணம். செல்போன் கடன்.

நம் தெருவில் யார் போனை ரொக்கம் கொடுத்து வாங்குகிறார்கள்? தவணைதான். தவணை தவறினால் தூரத்தில் இருந்தே போனை முடக்கும் மென்பொருளைச் சில நிதி நிறுவனங்கள் விற்கும்போதே ஏற்றி அனுப்பின. ரிசர்வ் வங்கி 2024இல் அதை நிறுத்தச் சொன்னது. 2025 செப்டம்பரில் செய்தி திரும்பி வந்தது: கடன் வாங்குகிறவரின் முன்சம்மதத்தோடு முடக்குவதற்கு அனுமதிக்கும் விதியை ரிசர்வ் வங்கியே யோசிக்கிறது என்று. சாதக பாதகங்களைப் பார்த்துக்கொண்டிருப்பதாக வங்கித் தரப்பிலும் சொன்னார்கள்.

முன்சம்மதம்! கடன் பத்திரத்தில் வெற்றுத்தாளில் கைநாட்டு வாங்கியவர்களின் பேரன்கள் எழுதிய வார்த்தை. பத்தாயிரம் ரூபாய்ப் போனுக்காகக் கடையில் நிற்கிற பெண் பிள்ளை, இருபது பக்க நிபந்தனையைப் படித்து, 'இந்தப் பிரிவில் எனக்குச் சம்மதமில்லை' என்று சொன்னால் போன் கொடுப்பார்களா?

முன்பெல்லாம் இப்படிப்பட்ட மென்பொருளை ரிப்பேர் கடைத் தம்பி ஒருவன் போனை முழுதாக அழித்து எடுத்துவிடுவான். இப்போது அழித்தாலும் போகாது. போன் மறுபடி விழிக்கும்போதே பூட்டும் சேர்ந்து விழிக்கும், ஏனென்றால் கம்பெனியின் கையொப்பம் இல்லாத வேறு எதையும் போன் ஏற்காது. செக்யூர் பூட் இல்லாவிட்டால் கடன்காரனின் பூட்டுக்குப் பல் கிடையாது. இரண்டும் ஒரே பூட்டு என்பதைத்தான் அந்த மாணவத் தோழர் கவனிக்க வேண்டும்.

முடங்கிய போன் என்றால் என்ன அர்த்தம்? லோடு ஆட்டோ ஓட்டுகிறவனுக்குச் சவாரி இல்லை. பேங்குக் கணக்கில் கூலி ஏறினாலும் ஓ.டி.பி. இல்லை. கல்லூரி உதவித்தொகை விண்ணப்பத்தின் கடைசி நாள் போய்விடும். 100 நாள் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். 2023 ஜனவரி முதல் எல்லாப் பணித்தளத்திலும் செயலியில் ஒரு நாளுக்கு இரண்டு முறை போட்டோ எடுத்து வருகை பதிய வேண்டும் என்றார்கள். பெரும்பாலும் அதைச் செய்தது பணித்தளப் பொறுப்பாளரான பெண்ணின் சொந்தப் போன். அவர் ஒரு தவணை தவறி போன் முடங்கினால் வேலை செய்த அத்தனை பேர் கூலியும் கேள்விக்குறி. அரசு வேலைக்கு நம் போன், நம் போனுக்கு அவன் பூட்டு.

வட்டிக் கடைக்காரன் வாசலில் வந்து கத்தினால் தெரு கூடும், பக்கத்து வீட்டு அக்கா வந்து நாலு வார்த்தை கேட்பார், கட்சித் தோழர் வருவார், புகார் கொடுக்கலாம். தமிழ்நாட்டில் கந்துவட்டிக்கு எதிராக 2003இலேயே சட்டம் இருக்கிறது. போன் தானே அணைந்துபோனால் யாரைக் கூட்டுவது? அவமானம் மட்டும் மிச்சம், எதிராளி கண்ணுக்குத் தெரிய மாட்டான்.

எதிர்ப்பக்கம் ஒரு நல்ல உதாரணத்தையும் சொல்லியாக வேண்டும், அதுவும் நம் வீட்டிலேயே இருக்கிறது. 2011 செப்டம்பரில் தொடங்கி அரசு கொடுத்த இலவச மடிக்கணினி. விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்த்துக் கொடுத்தார்கள், சென்னை சி-டாக் உருவாக்கியது. பாஸை எத்தனை பேர் திறந்து பார்த்தார்கள் என்பது வேறு கதை. படம் போட்ட அந்த மடிக்கணினிகளில் பல இன்னும் உயிரோடு இருக்கின்றன. மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான ஆதரவை நிறுத்தியது. அதற்காக நாம் மடிக்கணினியைச் சாக்கில் போடத் தேவையில்லை. ஒரு பென்டிரைவில் இலகுவான லினக்ஸை ஏற்றிப் போட்டால் டைப்பிங்குக்கும், போட்டித் தேர்வு பி.டி.எஃப். படிக்கவும், தங்கச்சி வீடியோ பாடம் பார்க்கவும் போதும். மாணவத் தோழர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால் ஒரு காலனிக்கே போட்டுக் கொடுத்துவிடலாம்.

ஒரே வீடு, ஒரே அரசு கொடுத்த இரண்டு பெட்டிகள். ஒன்று கொடுத்தவன் மறந்தபிறகும் நமக்கு உழைக்கிறது. இன்னொன்று கான்ட்ராக்ட் தகராறில் செத்து விழுகிறது. இலவசம் என்று இரண்டையும் சேர்த்துக் கேலி பேசுகிற நடுத்தர வர்க்கத்துக்கு இந்த வித்தியாசம் தெரியப்போவதில்லை, நமக்குத் தெரிய வேண்டும். அர்ஜென்டினாவில் 2010இல் தொடங்கிய 'கொனெக்தார் இகுவால்தாத்' திட்டத்தில் மாணவர்களுக்குக் கொடுத்த மடிக்கணினிகளில் திருட்டுத் தடுப்புப் பூட்டு வைத்தார்கள். பள்ளியின் சர்வரோடு அவ்வப்போது பேசாவிட்டால் தானே பூட்டிக்கொள்ளும். திருடன் மாட்டினானோ இல்லையோ, சர்வர் பழுதான பள்ளிகளின் பிள்ளைகள் மாட்டினார்கள். நம் அரசு அடுத்தடுத்துக் கொடுக்கும் கருவிகளில் இப்படி ஏதும் நுழையாமல் பார்ப்பது நம் வேலை.

ஆகவே தோழர்களே, இனி ஒவ்வொரு இலவசக் கருவிக்கும், ஒவ்வொரு அரசுக் கருவிக்கும் கேட்க வேண்டியது: கையொப்பச் சாவி யாரிடம்? ஒப்பந்தம் முடிந்தால், கம்பெனி மூழ்கினால், தகராறு வந்தால் அந்தச் சாவி யார் கைக்கு வரும்? தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998லிருந்து இருக்கிறது. டெண்டர் நிபந்தனையிலேயே ஒரு வரி போடச் சொல்லுங்கள்: சாவி அரசிடம் ஒப்படைக்கப்பட வேண்டும், தனிநபருக்குத் தரும் கருவியென்றால் அவர் தன் சாவியைப் பதிக்க வழி இருக்க வேண்டும். கடன் போனை முடக்கும் விதி வந்தால் அதை எதிர்ப்பதற்கு விவசாயத் தொழிலாளர் சங்கத்தையும், ஆட்டோ சங்கத்தையும், மகளிர் குழுக்களையும் இப்போதே பேசி வையுங்கள். இதை 'டெக்' ஆட்களிடம் விட்டுவிட்டால் அவர்கள் ஆளுக்கொரு பிக்சல் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

முதல் வேலையாகத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடலாம். தமிழ்நாடு அரசு கேபிள் டிவி நிறுவனத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு, பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி. வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவர் பெயரில் போட்டால் கட்டணமும் இல்லை, சான்று நகல் வைத்தால் போதும். இவற்றைக் கேளுங்கள்: இதுவரை வாங்கிய செட்டாப் பாக்ஸ்களின் எண்ணிக்கை ஆண்டுவாரியாக. அவற்றின் மென்பொருளுக்குக் கையொப்பமிடும் சாவி நிறுவனத்திடம் உள்ளதா, ஒப்பந்ததாரரிடம் உள்ளதா. 2022 நவம்பர் முடக்கத்துக்குப் பிறகு ஒப்பந்தத்தில் என்ன மாற்றம் செய்யப்பட்டது, அந்தப் பக்கங்களின் நகல். திரும்பப் பெற்ற பெட்டிகள் எத்தனை, அவை எந்த மறுசுழற்சியாளரிடம் போயின. முப்பது நாளில் பதில் வர வேண்டும். சிவகங்கை மாவட்டத் தோழர்கள் எழுதும் மனுவின் நகலை எனக்கும் அனுப்புங்கள், பதில் வந்ததும் வரிக்கு வரி இங்கே போடுகிறேன்.